கழற்று… மாட்டு… உதை! வீட்டுக் கூடத்தில் உருமாறும் கிக் ஸ்கூட்டர்

1990-களில் ஓர் இரவு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், வங்கித் துறையில் வேலை பார்த்த விம் ஊபோட்டருக்கு நல்ல பசி. ஸ்டெர்னென் கிரில் என்ற கடையில் சுட்டுத் தரும் சாசேஜ் நாக்கில் நிற்கிறது. கடை நடந்து போகக் கொஞ்சம் தூரம். காரைக் கிளப்பும் அளவுக்குத் தூரமில்லை. வீட்டில் தானே பூட்டிச் சேர்த்த சின்னஞ்சிறு உதைவண்டியை எடுத்துக்கொண்டு அவர் இருட்டில் கிளம்புகிறார். பகலில் போக அவருக்குக் கூச்சம். கோட்டு போட்ட மனிதர் குழந்தை வண்டியில் போனால் தெரு சிரிக்காதா?

தெருப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. வண்டியைக் கண்டதும் வரிசை கட்டி நின்றார்கள், ஆளுக்கு ஒரு சுற்று கேட்டு. அதைப் பார்த்த அவருடைய மனைவிதான், 'இதை விட்டுவிடாதீர்கள்' என்று கணவரைத் தூண்டினார். அப்படிப் பிறந்ததுதான் மைக்ரோ நிறுவனம். ஊபோட்டருக்கு உதைவண்டி சிறு வயது முதலே பழக்கம். அவருடைய சகோதரிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. சைக்கிள் மிதிக்க முடியாத அந்தப் பெண்ணுக்காக அவர்கள் வீட்டில் ஸ்கூட்டர் ஓடியது.

இன்று சென்னை, கோவை, திருச்சி என எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாலும் மாலை ஐந்தரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. சிமென்ட் தரையில் கடகடவென்று உருளும் சின்னச் சக்கரங்கள். பிறந்த நாளுக்கு வாங்கிய வண்டி. ஒரு வருஷத்தில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது, சக்கரம் தேய்ந்துவிடுகிறது, கைப்பிடி ஆடத் தொடங்குகிறது. பெற்றோர் முன் இரண்டே வழி: பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது, அல்லது ஆலன் கீயை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு தரையில் உட்காருவது.

இந்தக் கட்டுரை தரையில் உட்காருகிறவர்களுக்காக. சக்கரம் மாற்றலாம், கைப்பிடி வெட்டலாம், நிறம் பூசலாம். ஆனால் கிக் ஸ்கூட்டரில் எடை தாங்கும் மூட்டுகள் சில இருக்கின்றன. அவற்றை ஆசைக்காகத் தொடக் கூடாது. அளந்து பார்த்துத்தான் தொட வேண்டும். எந்தப் பகுதி எந்த வகை என்று தெரிந்த வீட்டில், பத்து வயதுப் பிள்ளையின் கையில் தைரியமாக ஸ்பேனரைக் கொடுக்கலாம்.

நிறுவனங்களை முந்திய சிறுவர்கள்

2000-ஆம் ஆண்டு உலகமே உதைவண்டி ஏறியது. தைவானின் ஜேடி கார்ப்பரேஷன் தயாரித்த மடக்கு ஸ்கூட்டரை அமெரிக்காவில் விற்க அதே ஆண்டு ரேஸர் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் ஆறு மாதத்தில் 50 லட்சம் வண்டிகள் விற்றதாக அந்த நிறுவனம் சொல்கிறது. 98 மில்லிமீட்டர் சக்கரம், அலுமினியப் பலகை, மடக்கிப் பையில் போடும் வசதி. கடைக்குப் போக, பள்ளிக்குப் போக என்று செய்யப்பட்ட வண்டி அது.

சிறுவர்கள் அதைப் படிக்கட்டில் இருந்து குதிக்க எடுத்துப் போனார்கள்.

குதித்ததும் வண்டி உடைந்தது. முதலில் போனது மடக்கும் மூட்டு. அடுத்தது பிளாஸ்டிக் நடுப்பகுதி கொண்ட சக்கரம். பிறகு, உள்ளும் வெளியும் இழுத்து நீட்டும் கைப்பிடிக் குழாய். உடைந்த இடங்களை வைத்தே பிள்ளைகள் வண்டியைப் படித்தார்கள். மடக்கும் மூட்டில் துளை போட்டு போல்ட் இறுக்கி அசையாமல் நிறுத்தினார்கள். நீட்டும் குழாயை எறிந்துவிட்டு ஒரே குழாயாகப் பற்றவைத்த கைப்பிடியைப் பொருத்தினார்கள். பிளாஸ்டிக் போய் உலோக நடுப்பகுதி வந்தது.

இன்று 'ஃப்ரீஸ்டைல்' அல்லது 'ப்ரோ' ஸ்கூட்டர் என்று விற்கும் வண்டிகளைப் பாருங்கள். மடங்காத கழுத்து, ஒரே துண்டுக் கைப்பிடி, உலோக நடுவுள்ள சக்கரம். வீட்டுக் கொட்டகையில் நடந்த பழுதுபார்ப்பு அப்படியே தொழிற்சாலை வரைபடமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் மேட் கியர், என்வி, அமெரிக்காவின் டில்ட், ப்ரோட்டோ, பிரான்ஸின் எத்திக் போன்ற பெயர்கள் இந்த அலையில் எழுந்தவை. பலகை ஒரு நிறுவனத்திடம், ஃபோர்க் இன்னொன்றிடம், சக்கரம் மூன்றாவதிடம் என்று தனித்தனியே வாங்கிப் பூட்டுவது இந்த விளையாட்டில் இயல்பு.

■ பெட்டிச் செய்தி: வண்டியைத் தெரிந்துகொள்வோம்

• டெக்: நிற்கும் பலகை. நல்ல வண்டிகளில் பெரும்பாலும் 6061 ரக அலுமினியம்.
• ஃபோர்க்: முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை. இதன் குழாய் பலகையின் கழுத்துக்குள் ஏறி நிற்கும்.
• ஹெட்செட்: கழுத்தின் மேலும் கீழும் உள்ள பேரிங் தொகுதி. கைப்பிடி லகுவாகத் திரும்புவது இதனால்தான்.
• பார்: கைப்பிடிக் குழாய். குரோமோலி எஃகு, அலுமினியம், டைட்டானியம் என மூன்று வகை.
• கிளாம்ப்: பாரையும் ஃபோர்க்கையும் சேர்த்து இறுக்கும் வளையம்.
• சக்கரம்: 98 முதல் 125 மி.மீ. வரை சிறுவர் வண்டிகளில். பெரியவர்களின் சாலை வண்டிகளில் பெரும்பாலும் 200 மி.மீ. வரை.
• பேரிங்: பெரும்பாலான வண்டிகளில் 608 எண். உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ.

முதலில் சக்கரம்

குறைந்த செலவில் வண்டியின் குணத்தையே மாற்றுவது சக்கரம்தான். மலிவு வண்டிகளில் வருவது கெட்டியான பிவிசி பிளாஸ்டிக். வழுக்கும், சத்தம் போடும், தரையின் ஒவ்வொரு பிசிறையும் உள்ளங்கைக்கு அனுப்பும். அதற்குப் பதில் பாலியூரிதேன் சக்கரம் போட்டால் பிடிப்பு கூடும், அதிர்வு குறையும். சக்கரத்தின் பக்கத்தில் 85 ஏ, 88 ஏ என்று அச்சிட்டிருப்பது கடினத்தின் அளவு. எண் ஏற ஏறக் கெட்டி. வழவழப்பான தரைக்குக் கெட்டி ரகம் வேகமாக ஓடும்; கரடுமுரடான சிமென்ட் தளத்துக்குச் சற்று மென்மையானது சுகம்.

சைஸ் இன்னும் முக்கியம். சின்னச் சக்கரத்துக்கு ஒரு கூழாங்கல் போதும்; அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் முன்னால் பறப்பார். விட்டம் கூடினால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் திறன் கூடும். நம் ஊர்த் தெருக்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் 100 மி.மீ. சக்கரம் இருந்த இடத்தில் 110 மி.மீ. வாங்கி வருமுன் ஃபோர்க்கின் உள்ளே இடம் இருக்கிறதா, பின்பக்க பிரேக் தகடு உரசுமா என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். சக்கரத்தின் அகலமும் ஆக்சிலின் நீளமும் பொருந்த வேண்டும். இந்த மூன்று அளவையும் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர் இரண்டாவது தடவை போக வேண்டியதில்லை.

608 பேரிங் தேடி அலையத் தேவையில்லை. ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட்டில் தொடங்கி 2017-இல் உலகைச் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னர் வரை எல்லாவற்றிலும் இருப்பது இதே அளவுதான். எந்த ஊர் பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். சக்கரத்துக்கு இரண்டு என, வண்டிக்கு நான்கு.

பொருத்தும்போது பலரும் தவறவிடுவது ஸ்பேசர். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிறு குழாய் தரையில் உருண்டு காணாமல் போனால், 'அது இல்லாமலும் ஓடுகிறதே' என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால், ஆக்சிலை இறுக்கும் விசை முழுவதும் பேரிங்கின் உள்வளையங்களைப் பக்கவாட்டில் நெருக்கும். சக்கரம் இறுகும், குண்டுகள் தேயும், சில வாரத்தில் கரகரப்பு ஆரம்பிக்கும்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் வேண்டும். சமையலறைத் தேங்காய் எண்ணெயை விட்டால் முதல் நாள் நன்றாகச் சுற்றும். பிறகு அது பிசுபிசுத்துத் தூசியை இழுத்துச் சேர்க்கும். குளிர்ந்தால் உறையவும் செய்யும். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மழையில் நனைந்த பேரிங்கைத் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய். பெட்டியில் 'ஏபெக் 9' என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அது பேரிங் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது என்பதற்கான தரக்குறி. தூசித் தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த எண்ணைக் காட்டிலும் நல்ல மூடியும் சுத்தமும் பயன் தரும்.

கைப்பிடி: வெட்டினால் வளராது

ஃப்ரீஸ்டைல் வண்டியில் கைப்பிடி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. நிமிர்ந்து பலகை மேல் நின்றால் பார் இடுப்பளவுக்கு வருவது பொதுவான கணக்கு. உயரம் அதிகமென்றால் ஹாக்ஸா பிளேடால் அடிப்பக்கம் வெட்ட வேண்டியதுதான். குழாயைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் விளிம்பையே கோடாக வைத்து அறுத்தால் வெட்டு கோணலாகாது. ஒரே மூச்சில் ஐந்து சென்டிமீட்டர் எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. வளரும் பிள்ளை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, மாட்டி, நிற்கவைத்துப் பார்ப்பது நல்லது. வெட்டிய விளிம்பை அரத்தால் உள்ளும் புறமும் தேய்க்காவிட்டால் அந்தப் பிசிறு ஃபோர்க் குழாயைக் கீறும்.

சில பார்களின் அடியில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். கிளாம்ப் இறுகும்போது குழாய் நெருங்கிப் பிடிப்பதற்கான வழி அது. பாரைக் குட்டையாக்கும்போது அந்தப் பிளவும் போய்விடும். எந்தப் பூட்டு முறைக்குப் பிளவு வேண்டும், எதற்குக் கூடாது என்று (கீழே உள்ள பெட்டியைப் பாருங்கள்) தெரியாமல் அறுத்தால் புது பார் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அகலத்தைக் குறைக்க இரண்டு முனைகளையும் வெட்டுகிறவர்கள் முனை அடைப்பானைத் திரும்பப் போட மறக்கவே கூடாது. விழும்போது கைப்பிடி திரும்பி, திறந்த குழாய் முனை வயிற்றில் குத்தினால் வெளியே சிறு வட்டத் தடம் மட்டும் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். சைக்கிள், ஸ்கூட்டர் கைப்பிடிக் காயங்களில் மருத்துவர்கள் முதலில் அஞ்சுவது இதைத்தான். கிழிந்த ரப்பர் கிரிப்பை மாற்றுவது வண்டியிலேயே மலிவான வேலை, மிக அவசியமான வேலையும் கூட.

■ பெட்டிச் செய்தி: நான்கு பூட்டு முறைகள்

ஹெட்செட் ஆடாமல் ஃபோர்க்கையும் பாரையும் அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு 'கம்ப்ரெஷன்' என்று பெயர். தனித்தனியே பாகம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

• ஐசிஎஸ்: போல்ட் ஃபோர்க்கின் அடியிலிருந்து மேலே ஏறி, பாருக்குள் இருக்கும் நட்டைப் பிடிக்கும். இறுக்க வேண்டுமென்றால் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.
• எச்ஐசி: ஃபோர்க் குழாய் மேல் 'ஷிம்' என்ற மெல்லிய உறை. அதன் மேல் 34.9 மி.மீ. பெரிய பார். பிளவு தேவை.
• ஐஎச்சி: ஃபோர்க் குழாயே மெலிந்தது; 31.8 மி.மீ. சாதாரண பாருக்குள் அடங்கும். பிளவு தேவை. கடையில் முழுதாக வரும் பல வண்டிகளில் இதுதான்.
• எஸ்சிஎஸ்: உயரமான தடித்த கிளாம்ப். பார் ஃபோர்க்கின் மேல் உட்காரும். பிளவு கூடாது. உறுதி அதிகம், எடையும் அதிகம்.

பட்டறைக்குப் போகும் பலகை

பலகையின் கழுத்தருகே ஒரு மயிரிழை விரிசல். 'தெருமுனை வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைத்தால் சரியாகிவிடும்' என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. கிரில் கேட்டுக்கு அது சரி. அலுமினியப் பலகைக்குச் சரிவராது.

6061-டி6 என்ற பெயரில் உள்ள 'டி6' என்பது உலோகத்தைச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தியதைக் குறிக்கும். அலுமினியத்துக்கு வலிமை அந்தப் பதத்தில்தான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் கலைகிறது; அங்கே வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். தொழிற்சாலைகளில் பற்றவைத்த பிறகு பலகையைத் திரும்பப் பதப்படுத்த வசதி உண்டு. தெருமுனைக் கடையில் கிடையாது. ஒட்டு பளபளவென்று இருக்கும். அடுத்த விரிசல் அதன் ஓரத்தில் கிளம்பும், பிள்ளை காற்றில் இருக்கும்போது.

பலகையில் விளக்கு மாட்ட, பை தொங்கவிட என்று துளை போடுவதும் இதே வகை. இழுபடும் தகட்டில் வட்டத் துளை போட்டால் அதன் விளிம்பில் விசை மூன்று மடங்கு வரை ஏறும் என்பது ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் போட்ட கணக்கு. பாலங்களுக்கும் விமானங்களுக்கும் பொருந்தும் அந்தக் கணக்கு ஸ்கூட்டருக்கும் பொருந்தும். விளக்கை வெல்க்ரோ பட்டையால் கட்டலாம், துளை வேண்டாம். கழுத்து, ஃபோர்க், டெக் மூன்றில் எதில் விரிசல் கண்டாலும் அந்தப் பாகத்துக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது.

நிறமும் கோலமும்

அளவெடுக்கும் கவலையில்லாமல் மனம்போல விளையாடக்கூடிய பகுதி மேற்பரப்பு. இங்கே பிள்ளையே முதலாளி.

கிரிப் டேப் என்பது பலகை மேல் ஒட்டும் உப்புத்தாள் போன்ற கறுப்புப் படலம். தேய்ந்ததை உரிக்க ஹேர் டிரையர் சூடு காட்டினால் பசை இளகி முழுதாக வரும். புதியதைப் பலகையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்ட வேண்டும். விளிம்பை அரத்தால் தேய்த்தால் வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் பிளேடு ஓட்டினால் வெட்டு சுத்தமாக விழும். இரண்டு நிற டேப்பை வெட்டி ஒட்டிப் பெயரெழுத்தும் போடலாம், புள்ளிக் கோலமும் போடலாம்.

ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அலுமினியத்தில் நேரடியாக அடித்த பெயின்ட் ஒரு மாதத்தில் செதிலாக உரியும். பழைய பூச்சை உப்புத்தாளால் மங்கலாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அலுமினியத்துக்கென்றே உள்ள எட்ச் பிரைமர் அடித்த பிறகு நிறம். ஒரே தடிப்பான பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு நிற்கும். வேலை மொட்டை மாடியில் நடக்கட்டும், முகக் கவசத்தோடு. பேரிங் உட்காரும் குழிகளிலும் பிரேக் தகடு சக்கரத்தைத் தொடும் இடத்திலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும்.

உருளும்போது மின்னும் சக்கரங்களுக்குப் பேட்டரி கிடையாது. ஆக்சிலைச் சுற்றி அசையாமல் நிற்கும் காந்தமும், சக்கரத்தோடு சுழலும் கம்பிச்சுருளும் சேர்ந்து மின்சாரம் தயாரிக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவருக்கு அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினால் மின்காந்தத் தூண்டலுக்கு வேறு பாடம் தேவைப்படாது.

மருத்துவமனைக் கணக்கு

2000-ஆம் ஆண்டு அலையின் மறுபக்கத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. ஜனவரி முதல் அக்டோபர் வரை ஸ்கூட்டர் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 27,600 பேர் என்பது அதன் மதிப்பீடு. அவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். காயங்களில் முதலிடம் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும். அதில் பெரும்பகுதி கையிலும் முன்கையிலும்.

அப்போது அமெரிக்க அதிகாரிகள் சொன்ன அறிவுரை இன்றும் மாறவில்லை. ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம் மூன்றும் வேண்டும். மணிக்கட்டுக் கவசத்தை மட்டும் அவர்கள் வற்புறுத்தவில்லை. அதைப் போட்டால் கைப்பிடியைச் சரியாகப் பிடிப்பது சிரமம். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியவர் கண்காணிப்பில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

வீட்டில் பாகம் மாற்றியவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு சேர்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐரோப்பாவில் 20 முதல் 100 கிலோ வரை எடையுள்ளவர்கள் ஓட்டும் கிக் ஸ்கூட்டருக்கு இஎன் 14619 என்ற தனித் தரநிலை உண்டு. அந்த முத்திரைகள் கடையில் வாங்கிய நாளில் வண்டி இருந்த நிலைக்குச் சான்று. ஃபோர்க்கை மாற்றிய பிறகு, அந்தச் சோதனையை நடத்த வேண்டியவர் மாற்றியவர்தான். உத்தரவாதமும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

■ பெட்டிச் செய்தி: ஓட்டும் முன் ஐந்து நிமிடம்

1. முதலில் கம்ப்ரெஷன் போல்ட். பிறகே கிளாம்ப் போல்ட்டுகள். கிளாம்பில் இரண்டையும் மாறி மாறிக் கால் திருப்பாக இறுக்கவும்.
2. முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைக்கவும். 'டக்' என்றால் ஹெட்செட் தளர்வு. திருப்பவே சிரமமென்றால் அதிக இறுக்கம்.
3. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவும். கரகரப்பும் பக்கவாட்டு ஆட்டமும் கூடாது.
4. வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து நேராகத் தரையில் போடவும். கலகலத்தால் ஏதோ ஒரு போல்ட் தளர்வாக இருக்கிறது.
5. அடிக்கடி தளரும் போல்ட்டின் மரையில் நீல நிற நடுத்தர ரக மரைப் பசை ஒரு சொட்டு. சிவப்பு ரகம் வேண்டாம். சூடு காட்டாமல் அதைக் கழற்ற முடியாது.
6. கழுத்து, ஃபோர்க், பார் ஒட்டுகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஹெல்மெட் மாட்டவும்.

மோட்டார் ஆசை

பதின்மூன்று, பதினான்கு வயதில் அடுத்த ஆசை வருகிறது. ஆன்லைனில் மோட்டார் கிட் கிடைக்கிறது, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து லித்தியம் செல்களைப் பிரித்தெடுக்க வீடியோக்கள் கிடைக்கின்றன. 'அதையும் செய்து பார்க்கட்டுமே' என்று விடக்கூடிய இடமல்ல இது.

முதல் காரணம் கணக்கு. வேகம் இரண்டரை மடங்கானால் மோதலின் ஆற்றல் ஆறேகால் மடங்காகும். காலால் உதைத்து 10 கிலோமீட்டர் வேகத்தில் போக வடிவமைத்த வண்டி 25-இல் ஓடும்போது, நிறுத்த இருப்பது பின்சக்கரத்தை மிதித்து அழுத்தும் அதே தகடுதான்.

இரண்டாவது நெருப்பு. லண்டன் தீயணைப்புப் படை 2023-இல் மட்டும் மின் சைக்கிள், மின் ஸ்கூட்டர் தீவிபத்துகள் 179-க்கு ஓடியிருக்கிறது. அவற்றில் மூன்று பேர் இறந்தார்கள். வீட்டில் மோட்டார் மாட்டிய வண்டிகளும் பொருந்தாத சார்ஜர்களும் அந்தப் படை தொடர்ந்து எச்சரிக்கும் விஷயங்கள். 2021 நவம்பர் 1 அன்று பார்சன்ஸ் கிரீன் நிலையத்தில் நின்ற பாதாள ரயிலில் ஒரு மின் ஸ்கூட்டர் தீப்பற்றியது. அடுத்த மாதமே லண்டன் போக்குவரத்து நிர்வாகம் தனியார் மின் ஸ்கூட்டர்களைத் தன் ரயில், பேருந்துகளில் தடை செய்தது. அடிபட்ட அல்லது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல் தானே சூடேறி, பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். படுக்கையறையில் சார்ஜ் போட்டு உறங்கும் வீட்டில் அதை அணைக்க நேரமே இருக்காது.

மூன்றாவது சட்டம். இந்திய மோட்டார் வாகன விதிப்படி 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள இலகுவான பேட்டரி வண்டிக்கு மட்டுமே விலக்கு. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம்; பதிவு வேண்டும், உரிமம் வேண்டும். உரிமமில்லாத சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

கோமா நகரின் மர வண்டி

உதைவண்டியை வீட்டில் செய்வது உலகில் ஓரிடத்தில் பிழைப்பு. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, ருவாண்டா எல்லையோரம் இருக்கும் கோமா நகரத்தில் 'சுக்குடு' ஓடுகிறது. பெரிய மர ஸ்கூட்டர். யூக்கலிப்டஸ் போன்ற மரத்தில் உடல். மரச் சக்கரத்தைச் சுற்றிப் பழைய டயரின் ரப்பர். முழங்கால் ஊன்றும் இடத்தில் ஒரு மெத்தை. மலைக் கிராமங்களிலிருந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கரி, விறகு என்று நூற்றுக்கணக்கான கிலோ சுமை இதில் இறங்குகிறது. யார் எதை ஏற்றுகிறாரோ அதற்கேற்ப நீளமும் சக்கரமும் மாறும். எடை எங்கே விழுகிறது என்பதை வண்டி செய்கிறவர்கள் பரம்பரையாகப் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். 2009-இல் அந்த நகரின் சதுக்கத்தில் பொன்னிறச் சுக்குடு சிலை ஒன்று எழுந்தது.

பேரிங் வண்டியின் பேரப்பிள்ளைகள்

தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. மெக்கானிக் ஷெட்டில் தேய்ந்த லாரி பேரிங்கைக் கெஞ்சி வாங்கி, பலகையில் கட்டையடித்துச் செருகி, சரிவான தெருவில் பேரிங் வண்டி விட்டவர்கள் அவர்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன் கட்டையை ஒற்றை ஆணியில் நிறுத்தினால் வண்டி திரும்பும். கயிறு கட்டி இழுத்தால் திசை மாறும் என்பதையெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை.

அந்தக் கைகளுக்கு இன்று பேரப்பிள்ளையின் ஸ்கூட்டரில் வேலை இருக்கிறது. போல்ட்டைப் பிள்ளை இறுக்க வேண்டும், தாத்தாவோ அம்மாவோ சரிபார்க்க வேண்டும். பிள்ளை கழற்றிய வரிசையில் பாகங்களைப் பழைய செய்தித்தாள் மேல் அடுக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது சிரமமில்லை. இடப்பக்கம் திருப்பினால் தளரும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்பது விரலுக்குப் பழகும் வயது இது. மரையைக் கோணலாக ஏற்றினால் எப்படி முரண்டு பிடிக்கும் என்பதும் அப்படித்தான் தெரியவரும். பெண் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கரை மட்டும் கொடுத்து, ஸ்பேனரை அண்ணன் தம்பியிடம் தரும் வழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம்.

பணக் கணக்கும் சேர்ந்தே வருகிறது. பேரிங் நான்கு, சக்கரம் இரண்டு, கிரிப் ஒரு ஜோடி, டேப் ஒன்று மாற்றினால் நல்ல பலகையும் ஃபோர்க்கும் கொண்ட வண்டி இன்னும் சில வருஷம் ஓடும். அண்ணனுக்குக் குட்டையான வண்டி தங்கைக்குப் பொருந்தும்.

பெட்டியின் மேல் வேண்டிய ஐந்து எண்கள்

இவ்வளவுக்கும் தடையாக நிற்பது தகவல் இல்லாமை. கடையில் தொங்கும் பல மலிவு வண்டிகளின் பெட்டியில் கார்ட்டூன் படம் இருக்கும், வயது இருக்கும். உள்ளே என்ன அளவு ஆக்சில், எந்த பேரிங் என்று தேடினாலும் கிடைக்காது. சில வண்டிகளில் சக்கர ஆக்சிலையே கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்துவிடுகிறார்கள். தேய்ந்தால் தூக்கியெறிவது தவிர வழியில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. பொம்மைகளும் சிறுவர் வண்டிகளும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. சேர்க்கப்பட வேண்டும். சக்கர விட்டம், பேரிங் எண், ஆக்சில் அளவு, பார் விட்டம், தாங்கும் எடை ஆகிய ஐந்தையும் பெட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுவிட்டால் போதும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பு நினைத்தால் அதே விதியோடு இதையும் கேட்கலாம். அதுவரை வாங்கப் போகிற பெற்றோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: 'இந்தச் சக்கரத்தைக் கழற்ற முடியுமா? மாற்றுச் சக்கரம் கிடைக்குமா?'